பச்சை விளக்கை நம்பலாமா

ஹாலோ க்ரீக், டாஸ்மேனியா
9 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் சுகம். மாடுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மழைதான் நிற்பதாக இல்லை. பாதி மந்தை கன்று ஈன்றுவிட்டது. கிளெனிஸ் தூங்குவதே இல்லை. புருஷன் மட்டும் தூங்குகிறான் என்று அவளுக்குக் குறை.

உன் படம் பேப்பரில் வந்தது. வெள்ளைக் கோட்டு, கையில் கண்ணாடிக் குழாய், முகத்தில் பல்வலி வந்த மாதிரி ஒரு சிரிப்பு. கான்பெர்ரா அரசாங்கம் உன் கம்பெனிக்கு மானியம் கொடுத்திருப்பதாகவும், ஹாலோ க்ரீக் பெண்ணின் கண்டுபிடிப்பு சந்தைக்கு வரப்போவதாகவும் எழுதியிருந்தார்கள். கடையில் அதை வெட்டி ரொட்டி அலமாரிக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். பக்கத்துப் பண்ணை டெஸ் ஒகில்வி பேப்பர் வாங்க வரும்போதெல்லாம் அதைப் பார்த்து, "பால் வாளிய ஒழுங்காத் தூக்கத் தெரியாத பொண்ணு. இப்ப பாரு" என்கிறார். நீ கவிழ்த்தது அவர் வாளி. முப்பது வருஷமாகியும் மறக்கவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவருக்கு எவ்வளவு பெருமை என்று நீ பார்க்க வேண்டும்.

ஜூனில் நீ வந்து கறவைக் குழாயில் பொருத்திவிட்டுப் போன, மடிநோயைக் காட்டுகிற விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மாதம் நம் மாடு மேபெல்லின் இடது பின்காம்புக்குச் சிவப்பு எரிந்தது. பாலில் கட்டி இல்லை, மடியில் சூடு இல்லை, அவளும் நன்றாகத் தின்றுகொண்டிருந்தாள். நீ சொன்னாயே என்று மாட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் பாலை எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா மடிநோய் முத்தியிருக்கும், எப்படிக் கண்டுபிடிச்ச?" என்றார். ஊசி போட்டோம். காம்பு பிழைத்தது. உன்னைப் பெற்றதற்கு அம்மாவுக்கு ஒரு மெடல் கொடுக்கலாம்.

இன்னொன்று. இரண்டு வாரமாக எந்த மாட்டுக்கும் பச்சைதான் எரிகிறது. நல்ல விஷயம் என்று நினைத்தேன். நேற்று பழைய மாடு ஒன்றுக்குக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே கட்டி கட்டியாக வந்தது. அப்போதும் பச்சை. குழாய்க்குள் பாலைத் தொடுகிற அதன் முனையைக் கழற்றி அந்தப் பாலிலேயே முக்கிப் பார்த்தேன். பச்சை. உன் வேலை எனக்குத் தெரியாது, சொல்லி வைக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உனக்கே தெரியும், போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் உன் கம்பெனியில் மூன்று பேர் வந்து காத்திருப்பார்கள். காகிதத்தில் எனக்குத் திக்குவதில்லை.

உன் தம்பி,
கொலின்


மெல்பர்ன்
20 ஆகஸ்ட் 1998

அன்புத் தம்பி கொலினுக்கு,

உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மேபெல் வரைக்கும்தான். அதற்குப் பிறகு வந்ததை எனக்குள் படித்துக்கொண்டேன்.

நீ பார்த்தது சரி. கெட்டிலின் அடியில் உப்பு படிவது போல, நாள் போகப் போக முனையின் மேல் பால் படிவு ஒட்டுகிறது. நீங்கள் குழாயைக் கழுவுகிற மருந்து அதை எடுப்பதற்குப் பதிலாக இன்னும் இறுக்குகிறது. படிவு மூடிவிட்டால் முனைக்கு எல்லாப் பாலும் நல்ல பால்தான். ஆய்வுக்கூடத்தில் எங்கள் முனைகள் இவ்வளவு நாள் பாலில் கிடந்ததில்லை. வேறு பூச்சு வேண்டும். அதற்கு ஒரு வருஷமாவது ஆகும்.

அந்த ஒரு வருஷம்தான் என்னிடம் இல்லை. இந்த மானியம் கண்டுபிடிப்பதற்குக் கொடுப்பதல்ல, கொலின். கண்டுபிடித்ததைக் கடையில் விற்கிற பொருளாக ஆக்குவதற்குக் கொடுப்பது. பகுதி பகுதியாகத்தான் வரும். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் சொன்னதைச் செய்தோம் என்று காட்ட வேண்டும். அடுத்தது, விவசாயிகள் தங்கள் கொட்டகையில் இதைப் பொருத்திக்கொள்ளக் கையெழுத்துப் போட வேண்டும். அக்டோபருக்குள். இல்லையென்றால் பணம் நிற்கும். என்னை நம்பி நல்ல வேலையை விட்டுவிட்டு வந்த ஐந்து பேர் இங்கே இருக்கிறார்கள்.

எங்கள் மேலாளர் ஸ்டூவர்ட் உன் கொட்டகையிலேயே ஒரு செயல்விளக்கம் வைக்கலாம் என்கிறார். அன்றைக்குப் புது முனைகள் போட்டுவிடுவேன், எல்லாம் சரியாக வேலை செய்யும். கான்பெர்ராவிலிருந்தும் ஆள் வருவார்கள். நீ எழுந்து ஒரு நிமிஷம் பேசினால் போதும். மேபெல் கதையைச் சொல். அது உண்மைதானே? கையெழுத்துப் போடுகிறவர்களுக்கு மாதா மாதம் முனையை மாற்றிக் கொடுத்துவிடலாம், அதற்குள் பூச்சு தயாராகிவிடும்.

உன்னைப் பேசச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். வேறு யாரையும் கேட்க முடியாததால்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
நெரிடா


ஹாலோ க்ரீக்
2 செப்டம்பர் 1998

அக்கா,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். கிளெனிஸிடம் முதல் பக்கத்தை மட்டும் காட்டினேன்.

பேச்சு என்றால் எனக்கு என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணத்தன்று "சரி" என்று சொல்வதற்குள் பாதிரியார் இரண்டு முறை மூக்கைச் சிந்திவிட்டார். ஆனால் என் கவலை அதுவல்ல. யாராவது பச்சை விளக்கைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது? மாதா மாதம் முனை மாற்றுவாய் என்று சொல்லலாமா? ஸ்டூவர்ட் அதைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பாரா?

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கடையில் நான் "ப... ப..." என்று நிற்பேன். பின்னால் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நீ ஒரு நாளும் எனக்காக அந்த வார்த்தையைச் சொல்லி முடித்ததில்லை. திரும்பி அவர்களை முறைத்துக்கொண்டு, நான் முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றாய். நீ கேட்கிறாய். நான் செய்கிறேன்.

கிளெனிஸ் கேக் செய்வாள். நாற்பது பேருக்குச் செய்யட்டுமா?

கொலின்


மெல்பர்ன்
28 அக்டோபர் 1998

அன்புத் தம்பிக்கு,

செயல்விளக்கம் முடிந்து விமானத்தில் ஏறியதுமே உனக்கு எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. கிளெனிஸ் கட்டிக் கொடுத்த கேக்கும் பிரிக்காமலே இருந்தது. இங்கே வேலை செய்கிற பிள்ளைகள் தின்று தீர்த்துவிட்டார்கள்.

மானியத்தின் அடுத்த பகுதி வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு பண்ணைகள் கையெழுத்துப் போட்டது கான்பெர்ராவில் யாரும் எதிர்பார்க்காதது. ஸ்டூவர்ட், "உங்க தம்பிய எல்லா ஊருக்கும் கூட்டிட்டுப் போகணும்" என்கிறார். நான் சிரிக்கவில்லை.

நான் பின்னால், கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மேபெல் கதையை நீ நன்றாகவே சொன்னாய். ஆங்காங்கே நின்றாலும் எல்லோரும் காத்திருந்து கேட்டார்கள். நீ உட்காரப் போனபோதுதான் டெஸ் கேட்டார்: "ஏம்ப்பா கொலின், சிவப்புக்கு டாக்டரக் கூப்பிடறது சரி. பச்சைன்னா நம்பலாமா?"

நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்த்தாய். அந்த இடத்தில் நான் முன்னால் வந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். முனை, படிவு, மாதா மாதம் மாற்றுவது, எல்லாம் என் வாயில் இருந்தது. எனக்குப் பக்கத்தில் கான்பெர்ரா அதிகாரி நோட்டும் பேனாவுமாக நின்றிருந்தார்.

நீ "ந..." என்று ஆரம்பித்தாய். அந்த எழுத்திலேயே நின்றாய். கழுத்து நரம்பு புடைத்தது. யாரோ காலை மாற்றி வைத்தார்கள், சிமெண்டுத் தரையில் அது அவ்வளவு சத்தமாகக் கேட்டது. நான் உனக்காக நிற்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தரையைப் பார்த்தேன். கடைசியில் நீ "நம்பலாம்" என்றாய். டெஸ் உடனே கையைத் தூக்கி, "சரி, என் பேர எழுதிக்கோ" என்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும்.

முனை மாற்றுவது பற்றி ஸ்டூவர்டிடம் பேசினேன். ஒவ்வொரு மாதமும் என்றால் செலவு தாங்காதாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று முடிவாகியிருக்கிறது. பூச்சு வேலை நடக்கிறது.

உனக்கு நன்றி சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நெரிடா


ஹாலோ க்ரீக்
21 பிப்ரவரி 1999

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பெட்டி வந்தது. கிளெனிஸ் நன்றி சொல்லச் சொன்னாள். புல் காய்ந்துவிட்டது. ஊர்ச் செய்தி வேறு எதுவும் எனக்கு இப்போது எழுத வரவில்லை.

டெஸ்ஸுக்கு ஒரு மாடு போய்விட்டது. இன்னும் ஆறு மாடுகளுக்கு மடிநோய் முற்றி, அவற்றில் மூன்று இனி கறவைக்கு ஆகாது. ஒரு நாள் பால் முழுவதையும் தொழிற்சாலை திருப்பி அனுப்பிவிட்டது. அவர் கொட்டகையில் கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்தே பச்சைதான் எரிந்திருக்கிறது. முனை மாற்ற யாரும் வரவில்லை. வருவார்கள் என்பதே அவருக்குத் தெரியாது.

அவருக்குத் தோள் போய் இரண்டு வருஷமாகிறது. ஒவ்வொரு மாட்டுக்கும் குனிந்து முதல் பீச்சலைக் கையில் பிடித்துப் பார்ப்பது அவருக்கு உயிர் போகிற வேலை. விளக்கு வந்ததும் அதை நிறுத்திவிட்டார்.

இதையெல்லாம் அவரே வந்து சொன்னார். வெள்ளிக்கிழமை, நான் வேலி கட்டிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அக்கா, அவர் மன்னிப்புக் கேட்க வந்தார்.

"கொலின், நான் உங்க அக்கா பேரக் கெடுத்துட்டேன் போல. மெஷின ஏதோ தப்பா வச்சிருக்கேன். நான் கழுவுற தண்ணி சூடு அதிகமா இருக்குமோ? எனக்கு இந்த மாதிரி சாமான்லாம் பழக்கமில்ல. கான்பெர்ராக்காரங்களுக்கு இது தெரிஞ்சா அந்தப் பொண்ணுக்குப் பணம் நின்னுடாதில்ல?"

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். திக்கவில்லை. திக்குவதற்குக்கூட வாய் திறக்கவில்லை. அவர் அதை வழக்கமான திக்கல் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிவிட்டு, "பரவால்லப்பா, அப்புறம் பேசலாம்" என்று போய்விட்டார்.

நீ இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும். சீக்கிரம்.

கொலின்


மெல்பர்ன்
8 மார்ச் 1999

அன்புள்ள கொலினுக்கு,

உன் கடிதம் கிடைத்ததிலிருந்து மனசு சரியில்லை. டெஸ்ஸின் நஷ்டத்துக்குக் கம்பெனி ஏதாவது செய்ய முடியுமா என்று ஸ்டூவர்டைக் கேட்டேன். ஏதாவது கொடுத்தால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும், வழக்கு என்று வந்தால் எல்லாமே போய்விடும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்த மாதக் கடைசியில் மூன்றாவது பகுதிக்கான அறிக்கை போக வேண்டும். பூச்சு ஏறக்குறைய தயார். இந்த ஒரு பகுதி மட்டும் வந்துவிட்டால் எல்லாக் கொட்டகைக்கும் புது முனை போட்டுவிடலாம். பதினோரு பண்ணைகளில் ஒன்றில்தான் இப்படி ஆகியிருக்கிறது. மற்ற இடங்களில் நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் இப்போது போட்டு உடைத்தால் யாருக்கு லாபம், நீயே சொல்.

டெஸ் கழுவுகிற தண்ணீர் உண்மையிலேயே சூடு அதிகமாக இருக்குமா? கொஞ்சம் கேட்டுச் சொல்ல முடியுமா?

கிளெனிஸை விசாரித்ததாகச் சொல்.

நெரிடா


ஹாலோ க்ரீக்
19 ஏப்ரல் 1999

நெரிடா,

உன் கம்பெனியிலிருந்து டெஸ்ஸுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. தடித்த காகிதம், மேலே பச்சை நிறத்தில் விளக்குப் படம். கருவியைப் பராமரிப்பதில் பயனாளரிடம் ஏற்பட்ட குறைபாடே காரணம் என்றும், இனிமேல் வெதுவெதுப்பான நீரையே பயன்படுத்துமாறும் எழுதியிருக்கிறது. கீழே உன் கையெழுத்து. அறிக்கையிலும் இதைத்தான் எழுதியிருப்பாய்.

டெஸ் அதை என்னிடம் காட்டினார். "பாத்தியா, நான் சொன்னேன்ல தண்ணின்னு. எவ்வளவு மரியாதையா எழுதியிருக்கு பாரு" என்றார்.

நான் அவர் தண்ணீரைப் பற்றி உனக்கு எதுவும் எழுதவில்லை. நீ கேட்ட பிறகும் எழுதவில்லை. நீயாகவே எழுதிக்கொண்டாய்.

பொய் சொன்னவன் நானும்தான், அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. ஆனால் என் விளக்கை நேற்றுக் கழற்றிவிட்டேன். பெட்டியில் போட்டு அனுப்புகிறேன்.

கொலின்


மெல்பர்ன்
30 மே 1999

கொலின்,

பெட்டி வந்த அன்று அதை என் மேசைமேல் வைத்தேன். ஸ்டூவர்ட் வந்து, "இது என்ன?" என்றார். "என் தம்பியோட விளக்கு" என்றேன். அவர் அதை நகர்த்தி வைத்துவிட்டு மூன்றாம் பகுதி பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது, அதற்குப் பிறகும் இரண்டு வாரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு மற்றப் பத்துப் பண்ணைகளுக்கும் நானே போன் செய்தேன். எல்லா இடத்திலும் பச்சை எரிகிறது. எவ்வளவு நாளாக என்று கேட்டேன். எல்லோரும் சந்தோஷமாகச் சொன்னார்கள். அந்தச் சந்தோஷத்தைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை. கையால் பார்க்க ஆரம்பியுங்கள், விளக்கை நம்ப வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். டெஸ்ஸுக்கு மட்டும் போன் செய்யத் தைரியம் வரவில்லை.

போன செவ்வாய் கான்பெர்ராவுக்குப் போனேன். எங்கள் கோப்பைப் பார்க்கிற அதிகாரி மோரீன், உன் கொட்டகைக்கு வந்தவர். கிளெனிஸின் கேக்கை இன்னும் நினைவு வைத்திருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆகஸ்டில் நீ எழுதியது, செயல்விளக்கம், டெஸ், அந்தத் தடித்த காகிதம், எல்லாம். அவர் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தார். முடித்ததும் கேட்டார்: "ஆகஸ்ட்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பவே எனக்கு ஏன் எழுதல?"

"பணம் நின்னுடும்னு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "டாக்டர் நெரிடா, நான் பாக்கற கோப்புல பாதிக்கு மேல தோத்துத்தான் போகுது. அது தெரிஞ்சுதான் அரசாங்கம் கொடுக்குது. தோக்காதுன்னா பேங்க்காரனே கொடுப்பானே. முனையில படியுது, இன்னும் ஒரு வருஷம் வேணும்னு ரெண்டு வரி எழுதியிருந்தீங்கன்னா நான் ஒரு வருஷம் கொடுத்திருப்பேன். அதுக்கு ஒரு படிவமே இருக்கு. இப்ப நீங்க சொன்னதுக்குத்தான் என்கிட்ட படிவம் இல்ல."

கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், கொலின். அந்த ஒரு வருஷம். நான் கேட்கவே இல்லை. உன்னிடம் பொய் கேட்கத் தெரிந்த எனக்கு அவரிடம் உண்மையைச் சொல்லி நேரம் கேட்கத் தெரியவில்லை.

மானியத்தை நிறுத்திவிட்டார்கள். விசாரணை நடக்கும். ஸ்டூவர்ட் வேலையை விட்டுப் போய்விட்டார். ஐந்து பேருக்கும் நானே எழுந்து நின்று சொன்னேன். ஒரு பெண் மட்டும் அழுதாள். மற்றவர்கள் தங்கள் சாமான்களை எடுத்து வைத்தார்கள்.

ஊருக்கு வந்து ஊர்ப் பொதுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல நினைக்கிறேன். டெஸ்ஸிடம் முதலில் சொல்ல வேண்டும். வரலாமா?

நெரிடா


ஹாலோ க்ரீக்
13 ஜூன் 1999

அக்கா,

டெஸ்ஸிடம் நான் சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே போனேன். நீ வரும்வரை காத்திருந்தால் திரும்பவும் உன் பின்னால் ஒளிந்துகொண்டது போல ஆகிவிடும் என்று தோன்றியது.

மாலைக் கறவை முடிந்து கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீரை நிறுத்தினார். நான் ஆரம்பித்தேன். எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குத் தெரியாது. முதல் வார்த்தையே வரவில்லை. அவர் எப்போதும் போலக் காத்திருந்தார். உன்னை மாதிரியே அவரும் யாருடைய வார்த்தையையும் முடித்துவைக்கிற ஆள் இல்லை. கடைசியில் எல்லாம் வந்தது. தண்ணீரில் தப்பில்லை, உங்களிடம் தப்பில்லை, எனக்கு ஆகஸ்டிலேயே தெரியும் என்று சொன்னேன்.

"அன்னிக்கு நீ எழுந்து நின்னப்பவே தெரியுமா?"

"தெ... தெரியும்."

அவர் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார். தோள் வலியோடு மெதுவாகச் சுருட்டினார். உதவி செய்யப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். சுருட்டி மாட்டிய பிறகுதான் பேசினார்.

"நான் எதுக்குக் கையத் தூக்கினேன்னு உனக்குத் தெரியுமா கொலின்? நீ அந்த 'நம்பலாம்'ல மாட்டிக்கிட்டு நின்ன. கொட்டகை முழுக்க ஜனம் உன் வாயையே பாத்துட்டிருந்துச்சு. எனக்குப் பாக்க முடியல. கையத் தூக்கினா நீ உக்காந்துடுவன்னுதான் தூக்கினேன். அந்த லைட்டு எனக்கு எதுக்கு, நான் அம்பது வருஷமா மாடு கறக்கறேன்."

அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிச்சேன். ஒருத்தன் இவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வார்த்தையச் சொல்றான்னா அது பொய்யா இருக்காதுன்னு தோணுச்சு. பொய் சொல்றவனுக்கு வாய் வழுக்கிட்டுப் போகும். அதான் கையால பாக்கறத விட்டேன்."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்குக் குளிர் ஜாஸ்தி என்று சொல்கிற மாதிரி சொன்னார். நான் "மன்னிச்சுடுங்க" என்றேன். அந்த வார்த்தை மட்டும் திக்காமல் வந்தது. வந்ததும் அவர் சொன்னது ஞாபகத்துக்கு வந்து எனக்குத் தலை நிமிரவில்லை.

டீ குடிக்கிறாயா என்று அவர் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் ரோட்டில் எதிரே வந்தார். வண்டியை ஓரங்கட்டி எனக்கு வழி விட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

கிளெனிஸுக்கும் இப்போது எல்லாம் தெரியும். உன் ஆகஸ்ட் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினேன். அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்க அக்கா கேட்டா நீ கிணத்துல குதிப்பியா?" என்றாள். குதித்திருப்பேன் என்று அவளுக்கும் தெரியும்.

கூடத்துக்கு நீ வர வேண்டாம். வியாழக்கிழமை கூட்டத்தில் நானே எழுந்து சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கையும் தூக்கவில்லை.

கொலின்


மெல்பர்ன்
24 ஜூன் 1999

கொலின்,

உன் கடிதத்தைப் படித்த பிறகு வேறு எதுவும் படிக்க முடியவில்லை. உன் வாய் உன்னை எவ்வளவு படுத்தியது என்று பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். அதையே ஒரு அத்தாட்சியாக விற்றிருக்கிறேன்.

கூடத்துக்கு வரவில்லை. ஆனால் பொருத்தியவளே கழற்ற வேண்டும். பதினோரு கொட்டகைகளுக்கும் எழுதிக் கேட்டேன். எல்லோரும் வரச் சொல்லிவிட்டார்கள். டெஸ்ஸும் இரண்டு வரி எழுதியிருக்கிறார்: கொட்டகை திறந்திருக்கும், வீட்டுக்கு வர வேண்டியதில்லை.

ஜூலை ஆறாம் தேதி வருகிறேன். ஊர் முனையில் இருக்கிற மோட்டலில் அறை எடுத்திருக்கிறேன். ஒரு சின்ன வண்டி வாடகைக்குப் பிடித்துக்கொள்கிறேன். உனக்கு விருப்பமிருந்தால் மட்டும் பார்க்கலாம்.

நெரிடா


ஹாலோ க்ரீக்
29 ஜூன் 1999

அக்கா,

மோட்டலை வேண்டாமென்று சொல்லிவிடு. கிளெனிஸ் பின்னறையில் படுக்கை போட்டுவிட்டாள். உன்மேல் அவளுக்குக் கோபம் தீரவில்லை, அதை அவளே உன்னிடம் சொல்வாள். சாப்பாடு போட்டுவிட்டுச் சொல்வாள் என்று நினைக்கிறேன்.

மழை பிடித்திருக்கிறது. கொட்டகைகளுக்குப் போகிற வழியெல்லாம் சேறு. வாடகைக்கு எடுக்கிற சின்ன வண்டி இங்கே புதைந்துவிடும், என் வண்டியிலேயே போகலாம். மற்ற இடங்களில் உன்னோடு உள்ளே வந்து ஏணியைப் பிடித்துக்கொள்கிறேன்.

டெஸ்ஸின் கொட்டகைக்குள் மட்டும் நான் வர மாட்டேன். நீ தனியாகத்தான் போக வேண்டும். அவர் வாசல் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, நீ முடித்து வெளியே வரும்வரை வண்டியில் உட்கார்ந்திருப்பேன். அவர் சமையலறை ஜன்னலிலிருந்து அந்த கேட் தெரியும். என்னைப் பார்க்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றினால் பார்க்கட்டும்.

கொலின்